மழைக்கு மறுநாள் டேமுக்கு நடக்கப் போகலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ராத்திரி நல்ல மழை பெய்தால், மறுநாள் காலை எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் பிள்ளைகளோடு கே.ஆர்.பி. அணைப் பூங்காவுக்குப் போய் நடந்துவிட்டு வருவோம். சேறும் சகதியுமாகத் திரும்பி வருகிறவர்களைப் பார்த்து அடுத்த தெருவில் சிரித்தார்கள். அப்புறம் அவர்களே ஒவ்வொருவராகச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள். ஒரே பதிலைப் பால் வாங்குகிற இடத்திலும் பள்ளி வாசலிலும் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அந்தப் பூங்காவுல அப்படி என்னக்கா இருக்கு? சின்ன வயசுல இருந்து பார்க்கிறதுதானே?

வெயில் நாளில் பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டத்தோடு போய், ஊஞ்சல் ஆடி, மீன் தின்று, திரும்பியிருப்பீர்கள். அந்த நேரத்தில் பூங்காவில் மனிதர்களைத் தவிர வேறு உயிரினம் வெளியே தலைகாட்டாது. மழை பெய்து ஓய்ந்த காலையில் அதே இடம் வேறு ஊர் மாதிரி இருக்கும். புல்லுக்கு அடியில், மரப்பட்டையில், வரப்பு ஓரத்து நீர்க்குட்டையில், அணைக்கரைக் கல்லிடுக்கில் என்று எல்லா இடத்திலும் ஏதாவது ஒன்று அசைந்துகொண்டிருக்கும்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரிய மிருகம் பார்க்கலாம் என்று வந்தால் ஏமாந்துதான் போவீர்கள். எங்கள் கணக்கில் ஒரு தவளை, பத்துத் தம்பலப்பூச்சி, ஒரு மீன்கொத்தி கிடைத்தால் அன்றைக்கு நல்ல நடை.

கே.ஆர்.பி.ன்னா மைசூர்ல இருக்கே, அதுவா?

அது கே.ஆர்.எஸ்., காவிரியில் இருக்கிறது. இது கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்டம், தென்பெண்ணையில் இருக்கிறது. 1950-களில் கட்டி, காமராசர் ஆட்சியில் பயன்பாட்டுக்கு வந்தது. கிருஷ்ணகிரியில் இருந்து தர்மபுரி போகிற தேசிய நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு வழி சொல்லும்போது முழுப் பெயரையும் சொல்லுங்கள். என் சித்தப்பா மகன் ஒருமுறை போனில் மைசூர் பக்கத்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வழி போட்டுவிட்டான்.

எந்த மாசம் வந்தா நல்லது?

நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனில் தென்மேற்கு தொடங்கினாலும் கனமாகப் பெய்வது ஆகஸ்ட் கடைசியில் இருந்துதான். செப்டம்பர், அக்டோபர் இரண்டும் உச்சம். நவம்பர், டிசம்பரில் புயல் வந்தால் பெய்யும், இல்லாவிட்டால் தூறலோடு போய்விடும். மே மாதக் கோடை மழையை விட்டுவிடாதீர்கள். அந்த முதல் இரண்டு மழைக்கு மறுநாள்தான் தவளையும் ஈசலும் தம்பலப்பூச்சியும் ஒட்டுமொத்தமாகக் கிளம்பும்.

புயல் நேரத்தில் மட்டும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரி நிரம்பி, சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள் இருப்பதுதான் நடை.

மழை பெய்யும்போதே போறதா, விட்ட பிறகா?

விட்ட பிறகு. நம் பக்கம் மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு ஆரம்பித்து ராத்திரியில் பெய்யும். விடியும்போது வானம் மூடியிருக்கும், மழை நின்றிருக்கும். காலை ஆறில் இருந்து ஒன்பது வரை நல்ல நேரம். பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்துவிட்டால் ஈரத்தில் வெளியே வந்தவை எல்லாம் மறுபடி மண்ணுக்குள் போய்விடும்.

லேசான தூறல் என்றால் நடக்கலாம், அதுவும் தனிச் சுகம்தான். இடி இருந்தால் கூடாது. அதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

குடையா, மழைக்கோட்டா? ஷூ போடணுமா?

இரண்டையும் கொண்டுவாருங்கள், ஆனால் குடையை விரிக்காமல் இருக்கப் பாருங்கள். குடை விரியும்போது வருகிற அந்தப் படாரென்ற சத்தத்துக்கு அக்கம்பக்கம் இருக்கிற பறவை எல்லாம் எழுந்துவிடும். பளபளா பிளாஸ்டிக் கோட்டும் நடக்க நடக்கச் சரசரக்கும். பழைய முழுக்கைச் சட்டையும் தலையில் ஒரு துண்டும் எனக்குப் போதும். சளி பிடிக்கும் என்று பாட்டி திட்டுவார், அதற்கு நான் பொறுப்பில்லை.

காலுக்கு மூடிய ஷூ கட்டாயம். சேறாகுமே என்று யோசிக்க வேண்டாம், கழுவினால் போய்விடும். அணைக்கரைப் படிக்கட்டிலும் கல்பாவிய சரிவிலும் பாசி படர்ந்திருக்கும். ரப்பர் செருப்போடு போன வருடம் நான் மூன்று படி சறுக்கி உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

செக்கச்செவேல்னு வெல்வெட் துணி மாதிரி ஒரு பூச்சி ஊருதே, கடிக்குமா?

கடிக்காது. அதுதான் தம்பலப்பூச்சி. சில வீடுகளில் பட்டுப்பூச்சி என்பார்கள், பழைய இலக்கியத்தில் இந்திரகோபம். சிறு வயதில் தீப்பெட்டிக்குள் பிடித்துப் போட்ட ஞாபகம் பலருக்கு இருக்கும். கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு இருக்கும். பூச்சிக்கு ஆறுதான். இது சிலந்தி, தேள் இவற்றின் சொந்தம், உண்ணி வகையைச் சேர்ந்தது. வருடத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே கிடந்து, மழை விழுந்ததும் துணை தேடவும் இரை தேடவும் வெளியே வரும்.

தீப்பெட்டி மட்டும் வேண்டாம். உள்ளங்கையில் ஏறவிட்டுப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே இறக்கி விடுங்கள்.

மழை பெஞ்சா அட்டை வருமே, ரத்தம் குடிக்காதா?

நீங்கள் பார்ப்பது மரவட்டை. ரயில் பெட்டி மாதிரி ஊர்ந்து, தொட்டால் சுருண்டுகொள்ளும் கறுப்பு ஆசாமி. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, உதிர்ந்த இலையைத் தின்று மண்ணாக்குவதுதான் அதன் வேலை. சீண்டினால் சில வகைகள் ஒரு திரவம் கசியவிடும். அது கையில் பட்டால் கறை பிடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். பிள்ளைகள் தொட்டுவிட்டால் கண்ணைக் கசக்குமுன் கையைக் கழுவிவிடுங்கள்.

மஞ்சள் கலர்ல தவளை பார்த்தேன்னு பையன் சொல்றான். பொய்தானே?

பொய் இல்லை. பாவம், அடிக்கவில்லையே? நம் வயல் கிணற்றில் எப்போதும் பார்க்கிற பெரிய பச்சைத் தவளைதான் அது. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறும். தொண்டையின் இரண்டு பக்கமும் நீல நிறத்தில் பலூன் மாதிரிப் பை உப்பும். இதெல்லாம் சில நாட்களுக்குத்தான். முதல் கனமழைக்கு அடுத்து வருகிற இரண்டு மூன்று நாட்களைத் தவறவிட்டால் மறுபடி பச்சைதான்.

கோடை முழுக்க அது ஈரம் தேடி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். மழை விழுந்ததும் வெளியே வந்து ராத்திரியெல்லாம் கத்தும். கத்துவது ஆண், கூப்பிடுவது பெண்ணை. அந்தச் சத்தம் பாம்புக்கும் கொக்குக்கும் இடம் காட்டிக் கொடுத்துவிடும். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று நம்மவர்கள் சும்மாவா சொன்னார்கள்? முட்டையைப் பெரிய அணைத் தண்ணீரில் இடுவதைவிட, புல்லுக்குள் தேங்கிய சின்னக் குட்டையில் இடுவதுதான் அதற்கு லாபம். அங்கே மீன் இருக்காது, தலைப்பிரட்டை பிழைக்கும். ஆனால் குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்துவிட வேண்டும். அதனால்தான் குட்டையில் குதித்து விளையாடாதே என்று பிள்ளைகளிடம் கத்திக்கொண்டே இருக்கிறேன். நீங்கள் கலக்குவது சேறாகத் தெரியும், உள்ளே நூற்றுக்கணக்கான முட்டை இருக்கும்.

ஒரு காலத்தில் இந்தத் தவளையின் காலை வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார்கள். 1987-இல் இந்திய அரசு அதைத் தடை செய்தது.

ஈசல் ஏன் லைட்டைச் சுத்தி வந்து விழுந்து சாகுது?

எல்லாம் சாவதில்லை. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான்தான். மண் ஈரமாகி இளகினால்தான் புதுப் புற்றுக்கு இடம் தோண்ட முடியும் என்பதால் மழைக்குக் காத்திருந்து ஒரே நேரத்தில் பறக்கின்றன. தரையில் இறங்கி, இறக்கையை உதிர்த்து, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஒன்றன் பின் ஒன்றாக ஓடுவதைக் காலையிலும் பார்க்கலாம். தப்பித்த ஜோடி ஒன்று போதும், ஒரு புற்று உருவாக. மீதியைக் கரிச்சான், மைனா, பல்லி, தவளை, ஓணான் என்று எல்லோரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். எங்கள் பாட்டி வீட்டில் நாங்களும் போட்டோம், வறுத்துப் பொரியோடு.

"அந்தி ஈசல் பூத்தால் அடைமழைக்கு அறிகுறி" என்பார்கள். நான் பார்த்தவரை பாதி நாள் பலிக்கிறது.

மழைன்னா பறவையெல்லாம் ஒதுங்கிடாதா?

கொட்டும்போது ஒதுங்கும். விட்டதும் பசியோடு எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வரும், அதனால்தான் விட்டதும் போகச் சொல்கிறேன். பட்ட மரத்திலோ தண்ணீருக்குள் நிற்கும் கம்பத்திலோ நீர்க்காகம் இரண்டு இறக்கையையும் விரித்துக்கொண்டு, கொடியில் போட்ட சட்டை மாதிரி நிற்கும். அதன் இறகு வாத்து இறகு போல் தண்ணீரைத் தள்ளாது, நன்றாக ஊறிவிடும். ஊறினால்தான் கனம் கூடித் தண்ணீருக்குள் சுலபமாக முங்க முடிகிறது. அதற்கு விலையாக வெளியே வந்து காய வேண்டியிருக்கிறது.

கரையோரம் கொக்கு, நாரை, புள்ளிமூக்கு வாத்து, சில நாளில் கூழைக்கடா. வயல் பக்கம் திரும்பினால் பனையிலும் தென்னையிலும் தூக்கணாங்குருவிக் கூடு. ஆண்தான் பின்னும். பாதி பின்னி முடித்ததும் பெண் வந்து சோதிக்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். அப்படி நிராகரிக்கப்பட்ட பாதிக்கூடுகள் தொங்குவதைப் பார்த்து எங்கள் தெரு அண்ணன் ஒருவர், "நம்ம வீடு கட்டின கதைதான்" என்று பெருமூச்சு விட்டார்.

மயிலுக்குத் தோகையே இல்லையே? யாராவது பிடுங்கிட்டாங்களா?

எந்த மாதத்தில் பார்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. மழை தொடங்கும்போது ஆடும், இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் தானாகவே உதிர்த்துவிடும். செப்டம்பர், அக்டோபரில் மொட்டையாகத் திரிகிற ஆண் மயிலைப் பார்த்தால் கவலைப்பட வேண்டாம், மறுபடி முளைக்கும்.

பாம்பு வருமே அக்கா. அதுக்குத்தான் எங்க வீட்ல விடமாட்டேங்கிறாங்க.

வரும். தவளை இருக்கிற இடத்தில் பாம்பு இருக்கும், வளைக்குள் தண்ணீர் போனாலும் மேலே வரும். பெரும்பாலும் பார்ப்பது தண்ணீர்ப் பாம்பும் சாரையும்தான், இரண்டுக்கும் விஷம் இல்லை. ஆனால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குமே நம் பக்கத்தில் உண்டு. பார்த்த உடனே எது என்று கண்டுபிடிக்கிற திறமை நமக்கு வேண்டாம், எல்லாவற்றில் இருந்தும் தள்ளி நின்றால் போதும். நடைபாதையை விட்டு உயரமான புல்லுக்குள் இறங்காதீர்கள். கல்லைப் புரட்டாதீர்கள். கட்டையைத் தாண்டும்போது அந்தப் பக்கம் பார்த்துவிட்டுக் கால் வையுங்கள். ஷூவைப் பற்றி மேலே சொன்னதற்குப் பாசி பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

கடித்துவிட்டால்: கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, இறுக்கிக் கயிறு கட்டக் கூடாது. மந்திரிக்கக் கூட்டிப் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐக் கூப்பிட்டோ கையில் கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குப் போங்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புகளுக்கும் சேர்த்து ஒன்றுதான். அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வரவேண்டிய அவசியம் இல்லை.

இடி இடிச்சா மரத்தடியில ஒதுங்கலாம்ல?

அதுதான் செய்யவே கூடாதது. தனி மரத்தடி, அணைக்கரை மேல், தண்ணீர் ஓரம் மூன்றுமே ஆபத்து. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எத்தனை நொடி என்று எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ கதவு மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழித்து வெளியே வரலாம்.

இங்க ஒரு சொட்டு மழை இல்லை. ஆனா தண்ணி திறக்கிறாங்க, பூங்காவுக்கு விடமாட்டேங்கிறாங்க. ஏன்?

தென்பெண்ணை நம் ஊரில் பிறக்கவில்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரை ஒட்டி வந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையைத் தாண்டித்தான் இங்கே வருகிறது. பெங்களூரில் ராத்திரி கொட்டினால் நமக்கு வெயில் காயும்போதே வெள்ளம் வந்து சேரும். இந்த அணையின் முழு நீர்மட்டம் 52 அடிதான், மேட்டூர் மாதிரி வாங்கி வைத்துக்கொள்ள இடம் கிடையாது. வருவதை அப்படியே விட வேண்டியதுதான். அப்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் என்று கரையோர மாவட்டங்களுக்கு எச்சரிக்கை போகும். பூங்கா பக்கத்துத் தரைப்பாலம் மூழ்கும், போலீஸ் தடுப்பு வைத்துவிடுவார்கள்.

"முழங்கால் அளவுதானே" என்று தரைப்பாலத்தில் இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓடுகிற தண்ணீரில் முழங்கால் அளவே ஆளைப் புரட்டப் போதும். 2017 நவம்பரில் அணையின் ஷட்டர் ஒன்றே உடைந்து தண்ணீர் வெளியேறியது. மழைக்காலத்தில் கிளம்புமுன் அன்றைய நீர்வரத்துச் செய்தியைப் பார்த்துவிடுங்கள். வெளியேற்றம் அதிகம் என்று போட்டிருந்தால் அன்றைக்கு வீட்டுப் பக்கத்து ஏரிக்கரை போதும், தவளைக்கு அங்கேயும் பஞ்சமில்லை.

தண்ணி பச்சையா இருக்கு, நாத்தம் வேற. பிள்ளைங்க கால் நனைக்கலாமா?

வேண்டாம். மேலே சொன்ன அதே வழிதான் காரணம். பெங்களூரின் கழிவும் ஆற்றோடு சேர்ந்து வருகிறது. மழைக்காலத்தில் கெலவரப்பள்ளியில் மலை மாதிரி வெள்ளை நுரை ததும்புவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கழிவில் இருக்கிற சத்தெல்லாம் இங்கே தேங்கிப் பாசியை வளர்க்கிறது. பறவை இறங்குகிறதே என்று கேட்காதீர்கள், அதற்கு வேறு இடம் யார் கொடுத்தது?

யானை பார்க்கணும். தளி, அஞ்செட்டி பக்கம் மழையில நடக்கலாமா?

கூடாது, சட்டப்படியும் கூடாது, புத்திப்படியும் கூடாது. அது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014-இல் அறிவித்தது, 504 சதுர கிலோமீட்டர், கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பரவியிருக்கிறது. அனுமதியில்லாமல் காட்டுக்குள் நுழைவது குற்றம். கேழ்வரகு முற்றுகிற நேரத்தில் பன்னேருகட்டா பக்கமிருந்து யானைக்கூட்டம் தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு வரை வரும். மழையில் இலைச் சத்தம் மிகுந்திருக்கும், புதர் அடர்ந்திருக்கும். இருபதடியில் யானை நின்றாலும் உங்களுக்குத் தெரியாது. அங்கே வயல் காக்கிற விவசாயி ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறார், நாம் வேடிக்கை பார்க்கப் போவது அவருக்கும் தொல்லை.

ஒகேனக்கல் போனால் முதலை மறுவாழ்வு மையத்தைப் பாருங்கள், வேலிக்கு வெளியே நின்று. நீர்வரத்து கூடினால் அங்கேயும் குளிக்கவும் பரிசலுக்கும் தடை போடுவார்கள். காரணம் தென்பெண்ணைக் கேள்வியில் இருப்பதேதான், ஆறு மட்டும் வேறு.

வழியில நட்சத்திர ஆமை கிடைச்சது. வீட்ல வச்சா அதிர்ஷ்டமாமே?

ஆமைக்கு அது துரதிர்ஷ்டம், வனத்துறைக்குத் தெரிந்தால் உங்களுக்கும்தான். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வைத்திருப்பதே குற்றம், ஜெயில் வரை போகும். மழை ஈரத்துக்குப் புல் மேய வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான். ரோட்டின் நடுவில் இருந்தால் அது போகிற திசையிலேயே ஓரம் சேர்த்து விடுங்கள். தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், அது தரை ஆமை, நீந்தத் தெரியாது.

குரங்குக்கு பிஸ்கட் போடலாமா?

போடாதீர்கள். போட்டால் அடுத்த வாரம் உங்கள் பையையே பிடுங்கும்.

எல்லாம் சரி. நடந்து முடிச்சுட்டு மீன் வறுவல் சாப்பிடலாமா, கூடாதா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பச்சைத் தண்ணீரைப் பற்றி அவ்வளவு சொல்லிவிட்டு இதற்கு என்ன சொல்வது என்று நானும் யோசித்திருக்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் சாப்பிடுவார்கள், பாதிப் பேர் மாட்டார்கள். நான் மசாலா தடவி வைத்ததை வாங்காமல், முழு மீனைக் காட்டச் சொல்லிச் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று பார்த்து, எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்குப் போவேன். மழைக்குளிரில் சுடச்சுட ஜிலேபி மீன் வறுவல் மணக்கும்போது என் கொள்கை எல்லாம் அவ்வளவுதான். கடைக்குப் போகுமுன் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள், மரவட்டையைத் தொட்ட கை.